கொத்தனார் கையில் வீட்டுச் சாவியா?

  

"அரசியல் சாசன மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிக்குத் தேவை சுதந்திரமே" என்று எனக்கு முன் பேசிய அம்மா முழங்கிவிட்டுப் போனார். 1787-ல் பிலடெல்பியாவில் நடந்ததைச் சாட்சிக்கு அழைத்தார். நானும் அங்கேயே வர்றேன் ஐயா!

அமெரிக்க மாநிலங்களிலிருந்து போன 55 பேருக்கு இட்ட வேலை என்ன? பழைய கூட்டமைப்புச் சட்டத்தைத் திருத்துவது மட்டும்தான். ஓடு மாத்தச் சொல்லி அனுப்பினா, வீட்டையே இடிச்சுப் புதுசா கட்டிட்டாங்க! அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு! (சிரிப்பு)

"புது வீடு நல்லாத்தானே இருக்கு?"ங்கறாங்க. அன்னிக்குக் கொத்தனார் வாஷிங்டன், மேடிசன், ஃபிராங்க்ளின். அடுத்த தடவை வர்ற கொத்தனார் யாரு? சொல்லுங்க! (கைதட்டல்)

அந்தக் கூட்டத்திலேயே டெலவேர் என்ற குட்டி மாநிலம் தன் ஆட்களிடம், "மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்பதை விட்டுக்கொடுக்காதே" என்று சட்டம் போட்டே சொல்லியனுப்பியது. கடைசியில் செனட் சபையில் அந்தச் சமத்துவம் நின்றது. இன்றைக்கும் பெரிய கலிபோர்னியாவுக்கும் 2 பேர், சின்ன டெலவேருக்கும் 2 பேர்!

அமெரிக்க சாசனத்தின் ஐந்தாம் பிரிவுப்படி 34 மாநிலங்கள் கேட்டால் மாநாடு கூட்ட வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அப்படிக் கூடியதில்லை. பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுப்பது? யார் கண்காணிப்பது? அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை ஐயா!

அதனால்தான் இண்டியானா மாநிலம் 2013-ல் சட்டம் செய்தது. பிரதிநிதியை மாநில சட்டமன்றமே நியமிக்கும். உத்தரவை மீறிப் போட்ட ஓட்டு செல்லாது. தெரிந்தே மீறினால் குற்ற வழக்கு. அவர் இடத்துக்கு மாற்று ஆள் தயார்.

"கையைக் கட்டிப்போட்டா எப்படிப் பேசி முடிப்பார்?" என்று கேட்பார்கள். தாராளமாப் பேசட்டும்! புது யோசனை வந்தா, அனுப்பினவங்ககிட்டே வந்து புது உத்தரவு வாங்கிட்டுப் போகட்டும். பொண்ணு பார்க்கப் போன மாமா, வீட்டுல ஒரு வார்த்தை கேட்காம தாம்பூலம் மாத்திட்டு வரலாமா? (பலத்த கைதட்டல்)

அங்கே பேசப்போவது ஓடும் செங்கல்லும் இல்லை. பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை, ஓட்டுரிமை. கொத்தனார் நல்லவராகவே இருக்கட்டும். சாவி வீட்டுக்காரரிடம் இருக்கட்டும்.