இடமில்லை என்று சொன்னது யார்?

(தாராவியில் நடந்த கிறிஸ்மஸ் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் மனம் வெதும்பிப் பேசினார்கள். கிறிஸ்மஸிலிருந்து கிறிஸ்துவை வெளியேற்றிவிட்டார்கள் என்றார்கள். மால்களில் மரம் இருக்கிறது, பஞ்சுத் தாடித் தாத்தா இருக்கிறார், தள்ளுபடி இருக்கிறது, பாலனைத்தான் காணோம் என்றார்கள். பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, உலகம் கடவுளை மறந்துவிட்டது என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நான் அவர்களை மறுத்துப் பேசப் போகிறேன். கை தட்ட வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

கடைக்காரன் மேல் எனக்குக் கோபமில்லை. தீபாவளிக்கும் விற்பான், ஈதுக்கும் விற்பான். விற்பது அவன் பிழைப்பு. அந்தத் தாத்தாவின் கதையும் தெரிந்ததுதான். 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரில் ஆயராக இருந்த நிக்கோலாஸ் எங்கே, 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்கள் உலகமெங்கும் பரப்பிய இந்தத் தொந்தித் தாத்தா எங்கே! 2021 டிசம்பரில் ஆக்ராவில் சிலர் கிறிஸ்தவத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு இந்தத் தாத்தாவின் உருவபொம்மையைக் கொளுத்தினார்கள். பாவம், ஆள் தெரியாமல் கொளுத்திவிட்டார்கள்!

நாம் தொழுவது வேறொருவரை. சரி. ஆனால் அவர் யார் என்று நம் கிறிஸ்மஸைப் பார்த்து ஒரு வெளியாள் கண்டுபிடிக்க முடியுமா? புதுத்துணி, பிரியாணி, கேக், வாசலில் நட்சத்திரம், நடுராத்திரி ஆராதனை, மறுநாள் தூக்கம். மால்காரன் கிறிஸ்துவை வாசலோடு நிறுத்தினான் என்று குற்றம் சாட்டும் நாம், உள்ளே எந்த இடத்தில் அவரை உட்கார வைத்தோம்?

கதையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். லூக்கா எழுதிய நற்செய்தியில் கிறிஸ்து பிறப்பு ஓர் அரசாங்க உத்தரவோடு தொடங்குகிறது. ரோமப் பேரரசன் அகஸ்து குடிமதிப்பு எடுக்கச் சொல்கிறான். அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நாசரேத்தில் தச்சு வேலை செய்கிறவன் நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு பெத்லகேமுக்கு நடக்கிறான். அங்கே இடமில்லை. பிள்ளை தீவனத் தொட்டியில் கிடக்கிறது. மத்தேயுவின் நற்செய்தியில், கொஞ்ச நாளில் ஏரோதுவின் வாளுக்குத் தப்பி, அந்தக் குடும்பம் எகிப்துக்குப் பிழைக்க ஓடுகிறது.

இந்தக் கதை விளங்குவதற்குத் தாராவிக்காரனுக்குப் பிரசங்கம் தேவையா? தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கி நம் சந்துகளில் வீட்டுக்கு வீடு எண் போட்டார்களே, அதற்குப் பெயர் என்ன? நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் ஷாப்புகளின் நாற்றத்தில் நின்று, சதுப்பு நிலத்தை மேடாக்கிய இடம் இது. இன்று அவர்களுடைய பேரனிடம் கேட்கிறார்கள்: 2000 ஜனவரி 1க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்? லைட் பில் எங்கே? போட்டோ பாஸ் எங்கே? தரைத்தளத்தில் குடியிருந்து ஆதாரமும் இருந்தால், இங்கேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவனுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் இரண்டரை லட்சம் கட்டினால். அதற்கும் பின்னால் வந்தவனும் மேல்மாடியில் குடியிருப்பவனும் வெளியே போய் வாடகை கட்டி, தவணை கட்டிக் காலம் தள்ள வேண்டும். பாத்ர் (தகுதியுண்டு), அபாத்ர் (தகுதியில்லை) என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டுத் தூக்கம் இழந்த வீடு இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ இருக்கும்.

வெளியே என்றால் எங்கே? உப்பளம் கிடந்த நிலத்தையும் தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கரையும் மாநில அரசு இதற்காக ஒதுக்கியிருக்கிறது. இங்கே வந்திருக்கும் செம்பூர்க்காரர்களே, காற்று திரும்பினால் அந்தக் குப்பையின் வாடை உங்கள் ஜன்னலுக்கு வரும். நான் விளக்க வேண்டியதில்லை. பெத்லகேமில் இடமில்லை என்றவர்கள் மாட்டுக்கொட்டிலையாவது விட்டுவைத்தார்கள். இந்த நகரம் குப்பைமேட்டைக் காட்டுகிறது!

"கிறிஸ்மஸ் மேடையில் அரசியல் எதற்கு? இது ஆத்தும ரட்சிப்பின் பண்டிகை அல்லவா?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, உங்களுக்கு வேதத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கடவுள் உடம்பு எடுத்தார் என்பதுதானே இந்தப் பண்டிகையின் விசுவாசம்? பசிக்கிற உடம்பு, குளிரில் நடுங்குகிற உடம்பு. அதை நம்புகிறவன், மனித உடம்புக்குக் கூரை உண்டா, குழாயில் தண்ணீர் உண்டா, வரிசையில் நிற்காமல் போகக் கக்கூஸ் உண்டா என்று கேட்பது அரசியல் என்றால், அந்த அரசியலைத் தொடங்கி வைத்தவர் கடவுள்! பிள்ளையைச் சுமந்திருந்தபோது மரியாள் பாடிய பாட்டை மாலை ஆராதனைதோறும் பாடுகிறீர்களே. ஆள்வோரை ஆசனத்திலிருந்து இறக்கித் தாழ்ந்தோரை உயர்த்துகிற கடவுளைப் பற்றிய பாட்டு அது. ராகம் தெரிகிறது, பொருள் மட்டும் தெரியவில்லையா?

1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து வைக்கோல் பரப்பினார். அந்தப் பிள்ளை என்ன ஏழ்மையில் பிறந்தது என்று ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாம் அந்தக் குடிலுக்குச் சீரியல் விளக்கு போட்டுப் போட்டி வைத்து முதல் பரிசு கொடுக்கிறோம். குடிசைக்குப் பரிசு, குடிசைவாசிக்கு நோட்டீஸ்!

டிசம்பர் 25க்கு நம் மண்ணிலும் ஒரு வரலாறு உண்டு. 1927ஆம் ஆண்டு அதே நாளில், இந்த மராட்டிய மண்ணின் மகாடில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968ஆம் ஆண்டு அதே நாள் இரவில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட ஏழைகளின் சேரியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உலகமெல்லாம் குடிலில் பிறந்த குழந்தையைப் பாடிய ராத்திரியில் நடந்தது அது. நம் கோயில்களில் கிறிஸ்மஸ் அன்று அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு ஜெபமாவது ஏறெடுக்கிறோமா?

இனி வீட்டுக்குள் வருகிறேன். சாதி பற்றி. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கோயில் கட்டினார்கள்: வாசலில் பிரிந்து பீடத்தில் சேரும் இரண்டு மண்டபங்கள், ஒரு சாதியை இன்னொரு சாதி பார்க்காமல் பூசை காண. நடுவிலிருந்த சுவர் 1910இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர். செத்த பிறகும் தீட்டு! அதெல்லாம் ஊரில் என்று தப்பிக்காதீர்கள். மும்பையில் மகளுக்கு வரன் தேடும்போது சபையின் பெயரை மட்டுமா கேட்கிறீர்கள்? ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்பதற்குப் பக்கத்திலேயே சாதியையும் எழுதித்தானே விளம்பரம் கொடுக்கிறீர்கள்?

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவனுக்கும் தலித் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை. இது அநீதி. அதற்காகப் போராடுவோம். ஆனால் "மதம் மாறினாலும் சாதி எங்களை விடவில்லை" என்று டெல்லியில் மனுக் கொடுக்கிற நாம், அந்தச் சாதியை இங்கே காப்பாற்றி வைத்திருப்பது யார் என்பதையும் சொல்ல வேண்டாமா?

சமயம் குறைந்த சமுதாயத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதம் பார்க்காத அரசு நமக்குப் பகை கிடையாது. நம் கூரையே அதுதான். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக்கலவரத்தில் இந்த நகரம் எரிந்ததே, இந்தத் தாராவியும் எரிந்ததே, அந்த இரண்டு தீக்கும் நடுவில்தான் அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் வந்தது. போலீஸ் பாரபட்சம் காட்டியதை, அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் எழுதி வைத்திருக்கிறது. காக்கிச்சட்டை மதம் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தெருக்கள் அறியும்.

கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும், கடவுள் இல்லை என்கிற கருப்புச் சட்டைத் தோழருக்கும் நான் பயப்படவில்லை. நட்சத்திரத்தை அவர் நம்ப வேண்டாம். வீடு பறிபோகிறவனுக்காக அவர் தெருவில் நிற்க, நட்சத்திரம் கட்டிய நாம் கதவைச் சாத்திக்கொண்டால், அன்று பெத்லகேமுக்குப் பக்கத்தில் நிற்பது யார்? பதிலை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

கிறிஸ்மஸின் பொருளைத் தன் உடம்பால் எழுதிக் காட்டிய ஒரு தமிழரை இந்த நகரம் பார்த்தது. திருச்சி மண்ணில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும் சிறையில் கிடந்த அவர்களுடைய இளைஞர்களுக்காகவும் வாழ்ந்த ஏசுசபைக் குரு ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்து தலோஜா சிறையில் அடைத்தார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குவளைக்காக அவர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமல், விசாரணையும் தொடங்காமல், பாந்த்ரா மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கிறிஸ்துவை நாட்டை விட்டு விரட்டுவது யார் என்று தேடுகிறீர்களே, அதற்கு மாலுக்குப் போக வேண்டாம், தலோஜாவுக்குப் போங்கள்!

முடிக்கிறேன். இந்த வாரம் பாட்டுக்குழுக்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போகும். கேக்கும் காபியும் கிடைக்கிற வீடுகளை விட்டுவிட்டு, மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரன் வீட்டுக்கும், அபாத்ர் என்று எழுதப்பட்ட வீட்டுக்கும் முதலில் போங்கள். அவன் இந்துவா, முஸ்லிமா என்று பார்க்காதீர்கள். கித்தாரோடு ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாடி முடித்ததும் அவன் காகிதங்களை வாங்கிப் பாருங்கள், மனு எழுதிக் கொடுங்கள், ஆபீசுக்குத் துணைக்குப் போங்கள். மாட்டுங்கா, செம்பூர் சபைகளில் படித்தவர்களும் வக்கீல்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருக்கிறார்கள். தண்டவாளத்தைத் தாண்டி வாருங்கள்! அடுத்த கிறிஸ்மஸுக்குள் நம் சபைகளில் ஒரு கல்யாணமாவது சாதி கேட்காமல் நடக்கட்டும். இதைச் செய்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு மால்காரனைக் குறைசொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.