வாக்குரிமையும் நமது ஆயத்தமும்

(நமது கல்விச் சங்கத்தின் வாக்காளர் கல்வி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தேர்வுக்குப் போகும் பிள்ளையை ஆயத்தம் செய்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்று வேரூன்றிவிட்டது. அதற்கு இச்சங்கம் செய்த தொண்டும் ஒரு காரணம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்கு நாம் எவ்வித ஆயத்தமும் செய்வதில்லை. வண்டி வந்து அழைத்தால் போகிறோம், சின்னத்தைப் பார்த்துக் குத்துகிறோம், வீடு திரும்புகிறோம். வாக்குப்பதிவு ஒரு நாள் வேலை. அதற்குரிய ஆயத்தமோ பல மாத வேலை. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இவ்வுரிமை எவ்வாறு வந்தது என்பதை முதலில் நினைவு கூர்வோம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாக்கு என்பது நிலமும் வரியும் வருமானமும் உடையோர்க்கே உரியதாக இருந்தது. ஆதலின் நம் மக்களில் மிகச் சிலரே வாக்காளராயினர். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தது நியமனத்தால்தான். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் யாவற்றிலும் நம் மக்கள் நடமாடத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் அவர் அம்மன்றத்தில் நிறைவேறச் செய்தார். பிறகு 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று நமக்காக வாதாடினார். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் தொகுதி போய், பொது வாக்காளர் அனைவரும் வாக்களிக்கும் தனித் தொகுதிகள் வந்தன. மாகாணங்களில் 148 இடங்களும், அவற்றுள் சென்னை மாகாணத்தில் 30 இடங்களும் ஒதுக்கப்பட்டன. சொத்து, படிப்பு என்னும் வேலிகளை அறவே நீக்கி, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்று அறிவித்தது நம் அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவே. அன்று 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது 1989 முதல் 18 ஆயிற்று.

அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்ற நிலை வந்துவிட்டது. சமுதாய வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அந்தச் சமன்மை வரவில்லையே என்று 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார். அந்த முரண்பாடு இன்றும் தீரவில்லை. அதைத் தீர்க்க நம் கையிலுள்ள கருவிகளுள் ஒன்று வாக்கு. கருவியைத் துருப்பிடிக்க விடலாமா?

இனி ஆயத்தத்திற்கு வருவோம். முதற்பாடம் வாக்காளர் பட்டியல். அடையாள அட்டை கையில் இருக்கிறது, ஆகவே வாக்கு உண்டு என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு; அட்டை, வந்திருப்பவர் இன்னார் என்று காட்டுவதற்கு மட்டுமே. நம் மக்களில் பலர் செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கும் குடும்பத்தோடு போகின்றனர். கணக்கெடுக்க வரும் அலுவலர் பூட்டிய கதவைக் கண்டால் குடிபெயர்ந்தார் என்று எழுதிவிட்டுப் போக இடமுண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடுதோறும் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பரில் வெளிவந்த வரைவுப் பட்டியலில் பல இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம் மாறியோர், இரு இடங்களில் பதிவானோர் என்று காரணம் கூறப்பட்டது. அவற்றுள் பல சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம் தெருவில் நீங்கிய பெயர் சரியாக நீங்கியதா என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆகவே, படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் பட்டியலின் நம் பாகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று உரக்கப் படிக்க வேண்டும். பெயர் விடுபட்டோர்க்கும் புதியவர்க்கும் 6ஆம் படிவம். பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் 8ஆம் படிவம். பெயர் நீக்கம் கோரவும், ஒரு பெயரைச் சேர்ப்பதை ஆட்சேபிக்கவும் 7ஆம் படிவம். திருமணமாகி வேறு ஊர் சென்ற பெண்ணின் பெயர் பிறந்த ஊரிலேயே இருந்தால் அவர் வாழும் ஊரில் வாக்கின்றி நிற்பார். 8ஆம் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்வது அவசியம். முன்பு சனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாயின. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனு அளிக்கும் கடைசி நாளுக்குப் பின் அத்தேர்தலுக்குரிய பட்டியலில் எப்பெயரும் சேராது என்பதை மறவாதீர்கள். விண்ணப்பத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவு அலுவலரின் முடிவு நியாயமற்றது என்று தோன்றினால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஐயம் தீர்க்க 1950 என்ற தொலைபேசி எண் உள்ளது.

இரண்டாவது பாடம், எந்தத் தேர்தல் எதற்கு என்ற தெளிவு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள். அவற்றுள் 44 ஆதிதிராவிடர்க்கும் 2 பழங்குடியினர்க்கும் உரிய தனித் தொகுதிகள். எஞ்சிய 188 பொதுத் தொகுதிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாம் இம்மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு இருபது பேர். தனித் தொகுதியில் நிற்பவர் நம்மவராயினும் அவரை வெற்றிபெறச் செய்வது எல்லார் வாக்கும். பொதுத் தொகுதியில் நிற்பவர் நம்மவரல்லராயினும் அவர் வெற்றியை முடிவு செய்வதில் நம் வாக்குக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே தனித் தொகுதியில் இருப்போர் நம்மவர்தாமே என்று சோர்ந்திருப்பதும், பொதுத் தொகுதியில் இருப்போர் நமக்கென்ன என்று ஒதுங்குவதும் ஒருசேரத் தவறு. இரண்டிலும் வேட்பாளரைக் கேள்வி கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம்.

உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. சட்டமன்றப் பட்டியலைக் கொண்டே வார்டு வாரியாகப் பட்டியல் அமைக்கிறார்கள். அங்கே நம் தெரு எந்த வார்டில் வைக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு தெருவை இரண்டாகப் பிரித்து இரு வார்டுகளில் சேர்த்துவிட்டால் இரண்டிலும் நம் குரல் சிறுத்துப்போகும். வரைவு வெளிவரும் காலத்தில்தான் ஆட்சேபணை சொல்ல முடியும்.

கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். முதலிரண்டிலும் கட்சிச் சின்னம் இல்லை. நகரத்திலோ வார்டு உறுப்பினர்க்கு ஒரு வாக்கே. மேயரையும் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். 2019, 2021 ஆண்டுகளில் கிராமங்களில் வெவ்வேறு வண்ணத்தில் வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். சீட்டில் முத்திரை குத்துவது எந்திரத்தில் பொத்தானை அழுத்துவதுபோல் எளிதன்று. முத்திரை இரு சின்னங்களின் மேல் படிந்தாலும், இரண்டு இடத்தில் குத்தினாலும், கையொப்பம் இட்டாலும் வாக்கு செல்லாததாகும். ஈர மை அடுத்த சின்னத்தில் ஒட்டாதபடி சீட்டை முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும். நம் சங்கத்தின் திண்ணையில் மாதிரிச் சீட்டுகளை வைத்துத் தாய்மார்களுக்கு இதைப் பழக்கிக் கொடுப்பது ஒரு மாலை நேர வேலைதான்.

மூன்றாவது பாடம், வேட்பாளரை அறிதல். சட்டமன்ற வேட்பாளர் தம் சொத்து, கடன், கல்வி, வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார். அது மறைபொருளன்று, தேர்தல் அலுவலகத்திலும் ஆணையத்தின் இணையதளத்திலும் எவரும் பார்க்கலாம். அதைத் தெருவில் கூட்டிப் படியுங்கள். பின் நம் தேவைகளை நாமே எழுதுவோம்: சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனைப் பட்டா, குடிநீர்க் குழாய், விடுதி மாணவர் உதவித்தொகை. அவற்றுள் எது ஊராட்சி செய்யக்கூடியது, எது சட்டமன்ற உறுப்பினர் பேசக்கூடியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பட்டா தருவது வருவாய்த் துறை. அதை வார்டு உறுப்பினரிடம் கேட்டுப் பயனில்லை. தெருவிளக்கு ஊராட்சியின் கடமை. அதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, பணமும் அச்சமும். ஐந்தாண்டு என்பது ஏறத்தாழ 1,825 நாட்கள். வாக்குக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால் ஒரு நாளுக்கு ஒரு ரூபாய்கூட விழவில்லை. ஒரு தேநீர்கூட அதற்குக் கிடைக்காது! வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். வாங்கியவன் வாய் திறந்து கேள்வி கேட்க முடியாது என்பது அதனினும் பெரிய தண்டனை. சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவியையே ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுகின்றனர். ஏலத்தொகை கோயிலுக்குப் போகலாம், குளத்துக்குப் போகலாம். ஆனால் ஊரில் ஒவ்வொருவர் வாக்கும் அன்றே விலைபோய்விடுகிறது. அக்கூட்டத்தில் நம்மைக் கேட்பாரும் இலர். அவ்வகை ஏலம் சட்டத்திற்குப் புறம்பானது.

அச்சத்தைப் பற்றி ஒளிவின்றிப் பேசுவோம். நிலம் அவர்களுடையது, வேலை அவர்களுடையது என்னும் ஊரில் துணிவு என்பது மேடையில் சொல்லுவதுபோல் எளிதன்று. சட்டம் நமக்கு என்ன தருகிறது என்பதையாவது அறிந்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும், நம்மவர் ஒருவரை வாக்களிக்கவிடாது தடுப்பதையும், குறிப்பிட்ட வேட்பாளர்க்கே வாக்களிக்க மிரட்டுவதையும், வேட்புமனு கொடுக்கவிடாமல் செய்வதையும், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைக் கடமை செய்யவிடாது மறிப்பதையும் குற்றங்களாக்கியுள்ளன. ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவராலும் அறிய முடியாது. ஆனால் ஒரு சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது வெளியே தெரியும். ஆதலின் தெரு முழுவதையும் சேர்த்து மிரட்டுவார்கள். தெரு முழுவதும் சேர்ந்தே எழுத்தில் புகார் கொடுப்பதுதான் அதற்கு மாற்று. சாவடி அமைந்த இடமே அச்சம் தருவதாயின், சாவடிகளின் வரைவுப் பட்டியல் வெளிவரும்போதே மாற்றம் கேட்க வேண்டும். வாக்குப்பதிவு நாளன்று கேட்டால் காலம் கடந்துவிடும்.

வாக்குப்பதிவு நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டமன்றத் தேர்தல் நாளில் வணிக, தொழில் நிறுவனங்களில் தினக்கூலி பெறுவோர்க்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வாக்காளர் அட்டை இல்லாதார் ஆதார், ஓட்டுநர் உரிமம், நிழற்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்ற ஆணையம் அறிவித்த ஆவணங்களுள் ஒன்றைக் கொண்டு போகலாம். குடும்ப அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் சீட்டும் அடையாள ஆவணம் ஆகாது. பொத்தானை அழுத்தியபின் ஏழு விநாடி தெரியும் சீட்டில் உங்கள் சின்னம்தானா என்று பாருங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். அடையாளத்தை நிறுவி, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அலுவலர் கடமை. நேரம் முடியும்போது வரிசையில் நிற்கும் அனைவர்க்கும் வாக்கு உண்டு.

அன்பர்களே! வாக்களித்ததோடு வேலை முடிவதில்லை என்பதை நம் வரலாறு இரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தோரும் 1997 சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனி ஊராட்சித் தலைவர் ஒருவர் பொறுப்பேற்று நிலைத்திருக்க 1996 முதல் 2006 வரை பத்தாண்டு பிடித்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஒரு பெண் தலைவர் தம் ஊராட்சிக் கூட்டத்திலேயே தரையில் அமர வைக்கப்பட்ட காட்சியை நாடு கண்டது. நாற்காலியைத் தேர்தல் கொடுத்தது. அதில் அமரும் உரிமையைக் காக்க ஊரில் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்களாக நாம் இருக்க வேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் தெருவிலிருந்து நாற்பது பேர் போய் உட்கார்ந்தால், நம் தலைவர் தனித்து நிற்கமாட்டார். வரவு செலவைக் கேட்கலாம். நம் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன்பிறகு கையொப்பம் இடலாம்.

வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. நூலகத்தில் நாளிதழ் வைப்பதுபோல நம் பாகத்து வாக்காளர் பட்டியலையும் ஒரு மேசைமேல் நிரந்தரமாக வையுங்கள். 17 வயது நிறையும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். வேலைக்கு வெளியூர் போகும் குடும்பத்தின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று சங்கம் சொல்ல வேண்டியதில்லை. அது அவரவர் அறிவுக்கு விட்டது. வாக்கு இல்லாதவர் நம் தெருவில் ஒருவரும் இலர் என்று சொல்லும் நிலையைச் சங்கம் உண்டாக்கட்டும். அவ்வளவு போதும்.