எப்பொழுது புறப்படுவது?
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மழையும் வெள்ளமும் மனிதரால் தடுக்கத்தக்கன அல்ல. ஆயினும், வீட்டை விட்டுப் புறப்பட வேண்டிய வேளை இதுவென்று ஐயத்திற்கிடமின்றி அறிவித்தல் மனிதரால் ஆகக்கூடியதே. இவ்விஷயத்தில் ஜப்பான் தேசத்தார் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் இன்று சிந்திப்போமாக.

2018 ஜூலையில் மேற்கு ஜப்பானிற் பெய்த பெருமழையில் 200 பேருக்கு மேல் மாண்டனர். குராஷிகி நகரைச் சேர்ந்த மாபி என்னும் பகுதியில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலார் முதியோர். வெள்ளம் பாயத்தக்க இடங்களைக் காட்டும் படம் முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. வெள்ளமும் ஏறக்குறைய அப்படத்தின்படியே வந்தது.

பின்னர் 2019-இல் அந்நாட்டார் அபாய அறிவிப்புகளை ஐந்து படிகளாக வகுத்தனர். முதற்படியில் மனத்தை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதில் செல்லும் வழியை அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதில் முதியோரும் நடமாட இயலாதாரும் புறப்பட வேண்டும். நான்காவதில் அபாயமான இடத்திலுள்ள அனைவரும் வெளியேற வேண்டும். ஐந்தாவதோ, ஆபத்து வந்துவிட்டது அல்லது வாயிலில் நிற்கிறது என்பதாம். அது புறப்படுவதற்குரிய படியன்று. இருக்கும் இடத்திலேயே உயிர்காக்க முயலும் படி.

எனினும் ஒரு குறை எஞ்சியது. நான்காம் படியில் 'பரிந்துரை' என்றும் 'உத்தரவு' என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. உத்தரவு வரட்டுமென்று காத்திருந்தோர் பலர். ஆதலின் 2021 மே 20 முதல் பரிந்துரையை நீக்கி, உத்தரவு ஒன்றையே நிறுத்தினர்.

நம் நாட்டில் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் கப்பல்களுக்கு உரியவை. அவற்றுள் 11 என்பது புயலின் உச்சத்தைக் குறிப்பதன்று. வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றதைக் குறிப்பது. வானிலைத் துறையார் கூறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் வானிலை அபாயத்தின் அளவை உணர்த்துவன. எந்தத் தெருவார் எப்பொழுது எவ்விடம் செல்வது என்பதை மாவட்ட அதிகாரிகளே அறிவிப்பர்.

ஆகவே, தாழ்ந்த நிலத்திலும் கடலோரத்திலும் வாழும் நம் குடும்பத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எந்த அறிவிப்பில் பாட்டன் பாட்டியரை அனுப்புவது, எதில் அனைவரும் புறப்படுவது, எவ்விடம் சேர்வது என்பவற்றை மழைக்காலத்திற்கு முன்பே பேசி முடிவு செய்க. அதிகாரிகளின் கட்டளை வந்தபின் பொருளைக் கருதித் தாமதியாதீர். பொருள் போனால் மீண்டும் தேடலாம். உயிரைத் தேட வழியில்லை.