அகரவரிசையும் கணினி வரிசையும்



நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ‘தஞ்சோங்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? த, ஞ், சோ, ங் என நான்கு என்பீர்கள். யூனிகோடு முறையில் கணினி அதனை ஏழு குறியீடுகளாகச் சேமிக்கிறது. புள்ளியையும் ஓகாரக் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. திரையில் சகரத்தின் இருபுறமும் தோன்றும் ஓகாரக் குறி, நினைவகத்தில் சகரத்தை அடுத்து ஒரே குறியீடாக நிற்கிறது. சேமிக்கும் வடிவம் வேறு, காட்டும் வடிவம் வேறு. இதனால் நமக்குக் கேடில்லை. வரிசைப்படுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்காகச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்து, ஒரு மென்பொருளைக் கொண்டு அடுக்கினேன். மரம், மலை, மழை, மறம், மனம் என வரவேண்டியவை மனம், மரம், மறம், மலை, மழை என வந்தன. நான் அதைக் கவனிக்கவில்லை. னகரம் இறுதி எழுத்து என்று முறையாகக் கற்றிருந்த மாணவி ஒருத்தி, ‘மனம்’ என்பதைக் கடைசியில் தேடினாள், காணவில்லை. “நான்தான் வரிசையைத் தவறாகப் படித்துவிட்டேனா, ஐயா?” என்று கேட்டாள். பிழை என் பட்டியலில் இருந்தது. ஐயமோ அவள் கல்வியின்மேல் விழுந்தது.

இதன் காரணம் எளியது. யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான அட்டவணையைப் பின்பற்றியதால், நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமைந்தன. தொல்காப்பியமோ அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளைக் கூறுகிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளுக்கு அம்மரபு தெரியாது.

அட்டவணையை மாற்றினால்தான் தீருமோ எனில், வேண்டியதில்லை. 1972-இல் இத்தஞ்சோங் பகாரில் சிங்கப்பூரின் முதல் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. கொள்கலன் அடுக்கப்பட்டிருக்கும் இடம் அதன் முகவரி. எது முன்னே கப்பலேற வேண்டும் என்பது வேறொரு முறை. அவ்வாறே குறியீட்டு எண் எழுத்தின் முகவரி மட்டுமே. அகரவரிசை தனி விதி. மொழிகளுக்குரிய அத்தகைய வரிசை விதிகளை யூனிகோடு அமைப்பே வெளியிட்டுள்ளது. மென்பொருள் அவற்றைக் கையாளுகிறதா என்பதே கேள்வி.

இந்நகருக்கு இத்துறையில் ஒரு மரபு உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். ‘கணியன்’ அவர் உருவாக்கியது. 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. 2000-இல் ‘உத்தமம்’ இங்கேயே தோன்றியது. கருவி தமிழுக்கு இசைய வேண்டும் என்று கேட்டவர்களுள் ஓர் ஆசிரியர் முன்னின்றார் என்பதை மறவாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப் பட்டியலையோ அருஞ்சொல் அகராதியையோ அச்சுக்கு அனுப்புமுன், நான் சொன்ன ஐந்து சொற்களை அடுக்கிப் பாருங்கள். மாணவர்களே, கணினி காட்டும் வரிசையும் நீங்கள் கற்ற வரிசையும் மாறுபட்டால், உடனே உங்களை ஐயுறாதீர்கள், கருவியையும் சோதியுங்கள். அன்று அம்மாணவி கேட்டிராவிட்டால், என் பட்டியல் அப்பிழையோடுதான் அச்சேறியிருக்கும்.