இல்லம் என்னும் பீடம்
(திருக்குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

புதுவாயலில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் சிறுவாபுரி. அதன் மற்றொரு பெயராகிய சின்னம்பேடு என்பதனைச் 'சிறுவர் அம்பு எடு' என்று பிரித்து, இலவனும் குசனும் இராமபிரானோடு பொருத இடம் இதுவே என்பர் இப்பகுதியார். தந்தை முகம் காணாது வளர்ந்த மைந்தரிடம் தந்தையின் வில்லாற்றல் விளங்கியது. அவ்வாற்றலை நெறிப்படுத்தியவை சீதையின் பொறுமையும் வான்மீகி முனிவரின் கல்வியும் ஆகும். பிறப்பால் வருவது ஒன்று. வளர்ப்பால் வருவது மற்றொன்று.

காந்தியடிகளின் அன்னையார் புத்லிபாய், மழைக்கால நோன்பில் கதிரவனைக் காணாமல் உண்ணமாட்டார். அந்த உறுதியே பின்னாளில் மைந்தரின் உண்ணாநோன்புகளில் வெளிப்பட்டது எனலாம். அண்ணனின் காப்பிலிருந்து பொன் திருடிய குற்றத்தை, 15 வயதில், அவர் தந்தைக்கு எழுதிக் கொடுத்தார். நோய்ப்படுக்கையில் இருந்த தந்தை அடிக்கவில்லை, வையவில்லை, கண்ணீர் உகுத்தார், தாளைக் கிழித்தெறிந்தார். அந்நிகழ்ச்சி தமக்கு அகிம்சையின் பாடமாக அமைந்ததாக அடிகள் தம் வரலாற்றில் குறிக்கின்றார்.

பெற்றோரை இழந்தோர் நிலை யாது? சேக்கிழார் பெருமான் விடை தருகின்றார். திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியாருக்காக உயிர் தாங்கினார். அத்தம்பியோ சமணம் சார்ந்து பிரிந்து சென்றார். தமக்கையார் அவரைப் பழிக்கவில்லை. திருவதிகை இறைவனிடம் முறையிட்டார். சூலை நோய் வருத்தியபோது, திரும்பி வருவதற்குத் தம்பிக்கு ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டிலிருந்தே திருநாவுக்கரசர் தோன்றினார்.

"என் தந்தையின் கடுஞ்சினம் எனக்கும் வந்தது, யான் என் செய்வேன்?" என்பார் உளர். அன்பர்களே, வழிவழி வந்தது விதியன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவு முறை முடித்து விடியலில் வீடு திரும்பும் தந்தைக்குப் பிள்ளையுடன் கழிக்கக் கிடைப்பது ஒரு நாழிகையே ஆகலாம். அந்நாழிகையில் வீசும் சுடுசொல்லும் நிலைக்கும், இன்சொல்லும் நிலைக்கும்.

திருவுருவையும் பீடத்தையும் பிணைப்பது அட்டபந்தன மருந்து. அது நாளடைவில் தளரும். ஆதலின் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக இடித்துச் சாத்துகின்றோம். தளர்ந்தது என்று திருவுருவை யாரும் கைவிடுவதில்லை. பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ பேசாதிருப்போர், இக்குடமுழுக்கு நீர் தலையில் பட்ட இன்றே சென்று பேசுக. இல்லத்தின் பந்தனமும் புதுப்பிக்கத் தக்கதே.

முருகப்பெருமான் திருவருள் முன்னிற்க!