அரிக்கமேட்டின் ஓடுகள்



1782 இல் நமது திருகோணமலையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், அக்கரையில் புதுச்சேரியை இடையிடையே இழந்தும் 1954 வரை ஆண்டனர். அந்நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. அங்கே மாளிகைகளைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். தோப்புகளும் இடிந்த சுவர்களுமே எஞ்சியுள்ளன.

ஆயினும், 1945 இல் மோட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் செந்நிறக் கலங்களின் ஓடுகள் உள்ளூர் மட்கலங்களோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. உரோமக் கலங்களின் காலம் முன்பே அறியப்பட்டிருந்தமையால், உடன்கிடந்த நம்மவர் கலங்களுக்கும் காலம் கணிக்க இயன்றது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு அவ்வோடுகளே நாட்காட்டியாயின.

கிடந்த இடமே ஓட்டின் சாட்சியம். பெயர்த்தெடுத்தால் அது ஊமையாகிவிடும். ஆதலின், நமது துறைமுகக் கரையில் பழைய ஓடொன்று கண்ணிற்பட்டால், அதனை அங்கேயே விட்டு, தொல்லியல் அறிந்தோர்க்கு அறிவிப்போமாக.