பதிவேட்டில் பெயரும் வகுப்பில் பிள்ளையும்

(திருவாமாத்தூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பம்பையாற்றங்கரையில், மூவர் பாடல் பெற்ற அபிராமேசுவரர் திருக்கோயில் விளங்கும் ஊரில் நாம் கூடியிருக்கின்றோம். இக்கோயில் வட்டப்பாறையின் முன் நின்று பொய் உரைக்க எவரும் அஞ்சுவர் என்பது இவ்வட்டாரம் முழுவதும் அறிந்த மரபு. உண்மைக்குப் பேர்பெற்ற இவ்வூரில், ஓர் ஏட்டின் உண்மையைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாகும். அது நம் பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவேடு.

2023ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கிற்று. முதல் நாள் மொழிப்பாடம். பெயர் பதிந்திருந்தோருள் ஏறத்தாழ 50,000 பேர் அன்று தேர்வெழுத வரவில்லை. நாடே திடுக்கிட்டது. வினாத்தாளுக்கு அஞ்சி அவர்கள் ஓடிவிட்டார்களா? இல்லை. அவர்களுள் பலர் பல மாதங்களுக்கு முன்பே வகுப்பை விட்டு நின்றவர்கள். கொரோனாக் காலத்தில், 2021இல், தேர்வின்றியே பத்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகள் அவர்கள். பெயர் பதிவேட்டில் இருந்தது. பிள்ளை வேறெங்கோ கூலிக்குப் போயிருந்தான். பின்னர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வராதவர்களைத் தேடித் துணைத்தேர்வுக்கு அழைத்துவரும் முயற்சி நடைபெற்றது. அம்முயற்சி நன்றே. ஆயினும், மார்ச் மாதத்தில் தேடுவதைக் காட்டிலும் ஆகஸ்டு மாதத்தில் தேடுவது எளிதன்றோ?

நாம் இன்று வலியுறுத்த விரும்புவது இதுவே: பிள்ளை தேர்வு மண்டபத்தில் தோற்பதில்லை, வகுப்புக்கு வராத நாட்களில் தோற்கிறான். அந்நாட்களை முதலில் அறியக்கூடியவர்கள் ஊரில் வாழும் நீங்களே.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். வருகைக்கு 75 விழுக்காடு என்பது அளவு. பள்ளி 200 நாட்கள் நடைபெறுவதாகக் கொண்டால் 150 நாட்கள் வந்தாக வேண்டும். மாதம் ஐந்து நாட்கள் தவறினால் பத்து மாதங்களில் 50 நாட்கள் போய்விடும். பிள்ளை விளிம்பில் வந்து நிற்பான். "இன்றொரு நாள் கூட இருந்து உதவு" என்று நாம் சொல்லும் சொல்லே மாதத்தில் ஐந்து முறை ஆகிவிடுகிறது. மேலும், பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடங்கள். மொத்தம் 600 மதிப்பெண்கள். பாடந்தோறும் பள்ளியே வழங்கும் அகமதிப்பீடு 10 மதிப்பெண்கள். அதில் வருகைக்கும் பங்குண்டு. தேர்ச்சிக்கு நூற்றுக்கு 35 தேவைப்படும் பிள்ளைக்கு இஃது அற்பமன்று.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். அவ்வகுப்புக்கு 2017-18இல் தொடங்கிய பொதுத்தேர்வு 2025-26ஆம் கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. பொதுத்தேர்வு இல்லை, ஆகவே வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்று எவரும் எண்ணலாகாது. கணக்கிலும் இயற்பியலிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடமே அடியுரம். அடியுரம் இடாத வயலில் மேலுரம் எவ்வளவு தூவியும் என்ன பயன்?

உழவர் பெருமக்களே, நம் பயிர்ப் பருவமும் தேர்வுப் பருவமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சம்பா அறுவடை தை, மாசியில். திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வும் அப்போதுதான். மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டையைப் பங்குனியில் பிடுங்குகிறோம். பொதுத்தேர்வும் பங்குனியை ஒட்டியே வருகிறது. கரும்பு வெட்டும் அக்காலத்ததே. ஆள் கிடைக்காத வேளையில் வீட்டுப் பிள்ளையின் கை வேண்டியிருப்பதை நாம் அறிவோம். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகள் தெருவுக்கு எத்தனை இருக்கும்? அவ்வீட்டு அறுவடைக்கு அண்டை வீட்டார் கைமாற்றாக ஒரு நாள் உழைத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் மிஞ்சும். கைமாற்று நமக்குப் புதிதன்று.

பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் நம் வட்டாரத்தில் உண்டு. பெற்றோர் போனால் பிள்ளையும் போக நேர்கிறது. வண்டி ஏறுமுன்னரே வார்டு உறுப்பினர் அவ்வீட்டுக்குச் சென்று பேச வேண்டும். பாட்டி வீட்டிலோ, அரசு மாணவர் விடுதியிலோ தேர்வு முடியும்வரை பிள்ளை தங்க வழி உண்டா என்று தலைமையாசிரியரோடு கலந்து ஆவன செய்ய வேண்டும். பெண் பிள்ளையாயின் இன்னொரு இடர்: படிப்பு நின்ற மறுமாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். 18 வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அத்தகைய ஏற்பாடு தெரியவந்தால் 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இவற்றைக் கண்காணிக்கப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1 ஆகியவை கிராமசபை கூடும் நாட்கள் என்பதை அறிவீர்கள். பள்ளி ஆண்டோடு இவை எவ்வளவு இசைந்து வருகின்றன! ஆகஸ்டில், பள்ளி திறந்தது முதல் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அக்டோபரில், காலாண்டுத் தேர்வை எழுதாதவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஜனவரியில், சூளைக்கும் கரும்புக்கும் புறப்படும் வீடுகளை எண்ணுங்கள். மே மாதத்தில், துணைத்தேர்வு எழுத வேண்டியவர்களுக்கு வழி சொல்லுங்கள். சபையில் எண்ணிக்கையை மட்டும் பேசுவோம்; பிள்ளையின் பெயரை அவையில் கூறி நாணச் செய்தல் கூடாது. பெயர் தெரிந்த உறுப்பினர் மாலையில் வீட்டுக்குச் சென்று பேசினால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. அந்த இருக்கை வெறுமையாக இருக்கலாகாது.

இனி, படிக்கும் பழக்கம். பயிர் வாடும்வரை காத்திருந்து ஏரி நீர் முழுவதையும் ஒரே இரவில் பாய்ச்சும் உழவர் எவருமில்லை. பாடமும் அவ்வாறே. அன்று நடத்திய பாடத்தை அன்றே அரைமணி நேரம் படிப்பது, வாரம் ஒருமுறை பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது, தேர்வுக்கு முன்னிரவு நன்றாக உறங்குவது ஆகிய மூன்றும் காசு செலவில்லாதவை. தாய் தந்தையர் எழுத்தறியாதவராயினும், "இன்று என்ன நடத்தினார்கள்? சொல் பார்ப்போம்" என்று கேட்கலாம். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுதவும் வரும். படிக்கும் நேரத்தில் கைப்பேசி தாயின் கையில் இருப்பது நலம்.

வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு ஊர் இடம் தர வேண்டும். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பெற்றன. உங்கள் ஊர் நூலகம் மாலையில் பூட்டிக் கிடக்குமாயின், அதைத் திறந்து, இரண்டு விளக்கும் ஒரு பாயும் இட்டால் அதுவே படிப்பகம். பங்குனித் திருவிழாவில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். தேர்வு நாட்களில் அதற்கு முன்னரே நிறுத்திக்கொள்வது ஊரின் பெருந்தன்மை.

இவையெல்லாம் இயலுமா என்று ஐயுறுவோர் 2024ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஊர்களும் பள்ளிகளும் நீரில் நின்றன. வெள்ளம் பாதித்த பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பெற்றது. பெரிய வெள்ளத்துக்குத் தேர்வே வழிவிட்டது. ஆனால் அறுவடை, சூளை, திருமணம் எனச் சிறுகச் சிறுக நாட்களை அரிக்கும் வெள்ளத்துக்குத் தேர்வு வழிவிடாது. அதற்குக் கரை கட்ட வேண்டியவர்கள் நாமே.

தேர்ச்சி தவறிய பிள்ளையைக் கடிந்து பேசாதீர்கள். துணைத்தேர்வு உண்டு. அதற்கு வழிகேட்க 14417 என்னும் கல்வி உதவி எண் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கவென்று 2022இல் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பெற்றன. அந்த வாயில்களுக்கு முன்னே உள்ள படி பன்னிரண்டாம் வகுப்பு.

அன்பர்களே! இவ்வூர்ப் பதிவேட்டில் எத்தனை பெயரோ, வகுப்பில் அத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் முதல் வினாவாக இதனை எழுப்புங்கள். விடை கூறத் தலைமையாசிரியரை முன்னதாகவே அழைத்துவிடுங்கள்.